தண்ணி பாட்டில் போனபடியே திரும்பி வருகிறது

#1 ரங்கூன் மல்லிகை

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில், ரங்கூனில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்தரை வயது. இந்த ஜூனில்தான் கேஜியில் சேர்த்தோம். காலையில் அரை லிட்டர் பாட்டிலில் காய்ச்சி ஆறிய தண்ணீர் நிரப்பிக் கொடுத்தனுப்புகிறேன். மதியம் பையைத் திறந்தால் பாட்டில் அப்படியே இருக்கிறது. ஒரு மிடறு குறைந்திருந்தாலாவது மனசு ஆறும். புது இடம், பழகிவிடும் என்று முதல் வாரம் விட்டுவிட்டேன். இப்போது மூன்றாவது வாரம்.

கேட்டால் "தாகமே எடுக்கலைம்மா" என்கிறாள். ஆனால் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறது. நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை, நேற்று உட்கார்ந்து முக்கி அழுதாள். கெஞ்சினேன், திட்டினேன், கதை சொன்னேன். "தண்ணி குடிக்கலைன்னா வயித்துக்குள்ள இருக்கிற செடி வாடிடும்" என்று என் மாமியார் சொல்லப்போக, வயிற்றில் எப்போது செடி முளைத்தது என்று ராத்திரி முழுக்க அதே கேள்வி.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். பகலில் விட்டதை ராத்திரி பிடிக்கலாம் என்று படுக்கப் போகும் நேரத்தில் இரண்டு டம்ளர் குடிக்க வைத்தேன். மூன்று நாள் தொடர்ந்து படுக்கை ஈரம். இந்த மழையில் மெத்தையை எங்கே காயப்போடுவது?

சின்னப் பிள்ளைக்குத் தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


#2 முணுமுணுப்பு

ஒரு வீட்டில் ஏழு பிள்ளைகள் வளர்ந்தோம். யார் எத்தனை டம்ளர் குடித்தோம் என்று எங்கள் அம்மா எண்ணியதில்லை. மாட்டுக்குத் தாகம் எடுத்தால் அதுவே குளத்தைத் தேடிப் போகும். பிள்ளையும் அப்படித்தான். இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு அளவு, ஒரு அட்டவணை. விட்டுவிடுங்கள் அம்மா, குடிக்கும்.


#3 மாண்டலே தம்பி

ஐயா, உங்கள் குளம் இருந்த ஊரில் வெயில் எவ்வளவு என்று தெரியாது. 2024 ஏப்ரலில் மகுவே பக்கம் சௌக்கில் 48.2 டிகிரி அடித்தது. மாண்டலேயில் நாங்கள் மட்டும் என்ன ஊட்டியிலா இருந்தோம். என் மகன் அப்போது மூன்று வயது. காலையிலிருந்து விளையாட்டு, மதியம் பார்த்தால் உதடு வெடித்து, சுருண்டு படுத்துவிட்டான். அதுவரைக்கும் அவன் ஒரு தடவைகூடத் தண்ணீர் கேட்கவில்லை.

அக்கா, நான் செய்தது இதுதான். பாட்டிலில் மூன்று ரப்பர் பேண்ட் மாட்டினேன். ஒவ்வொரு பேண்டும் ஒரு மட்டம். தண்ணீர் அந்த மட்டத்துக்கு இறங்கியதும் பேண்டைக் கழற்றிக் கையில் வளையல் மாதிரி போட்டுக்கொள்ளலாம். சாயங்காலம் கையில் மூன்று வளையல் இருந்தால் நான் அவனுக்கு யானை. முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்ற வேண்டும்.


#4 முணுமுணுப்பு

எத்தனை நாள் யானையாக இருந்தீர்கள் தம்பி?


#5 மாண்டலே தம்பி

பதினொரு நாள். அப்புறம் இடுப்பு பிடித்துக்கொண்டது. யானை நின்றதும் அவனும் குடிப்பதை நிறுத்திவிட்டான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.


#6 வார்டு அக்கா

மல்லிகை, நான் பிள்ளைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள். முதலில் பயம் தெளியட்டும், பிறகு வேலையைப் பார்க்கலாம்.

எவ்வளவு தேவை என்று எல்லோரும் கேட்பார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 4 முதல் 8 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1.6 லிட்டர் என்கிறது, 2–3 வயதுக்கு 1.3 லிட்டர். அமெரிக்கக் கணக்கில் 4–8 வயதுக்கு 1.7 லிட்டர். இதைப் பார்த்ததும் ஒன்றரை லிட்டர் பாட்டிலைத் தூக்கிப் பிள்ளை வாயில் வைத்துவிடாதீர்கள். சாப்பாட்டில் இருக்கும் நீரும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. அமெரிக்கக் கணக்கில் குடிப்பதாகப் போவது 1.2 லிட்டர்தான், அதிலும் பால் அடக்கம். நாம் சாப்பிடும் சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ரசம், மோர், மொஹிங்கா நூடுல்ஸுக்கு ஊற்றும் மீன் குழம்பு, வெள்ளரிக்காய், தர்பூசணி எல்லாம் இதில் சேரும். ஆக ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பால் போக நான்கைந்து சின்ன டம்ளர், நாள் முழுக்கப் பரவலாக. வெயிலும் ஓட்டமும் கூடினால் கொஞ்சம் கூடும். அளவுக் கோப்பை தேவையில்லை, சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிறிய மஞ்சள் போதும். காலையில் முதலில் போவது கடுமையாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வைட்டமின் மாத்திரை கொடுத்திருந்தாலும் மஞ்சளாகத்தான் போகும்.

மலச்சிக்கலுக்கு வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். குறைவாகக் குடிக்கும் பிள்ளைக்குப் போதிய அளவுக்குக் கொண்டுவந்தால் உதவும், அதற்கு மேல் ஊற்றுவதால் லாபமில்லை. பப்பாளி, கீரை, பயறு கொடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் உட்கார வையுங்கள், கால் தொங்காமல் ஒரு மணைப்பலகை போட்டு. இன்னும் இரண்டு நாளில் போகாவிட்டாலும், ரத்தம், வாந்தி, வயிறு உப்பல் எது வந்தாலும், டாக்டரிடம் போய்விடுங்கள். குடலில் மலம் தேங்கினால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும். படுக்கை நனைவதற்கு உங்கள் இரண்டு டம்ளர் மட்டும் காரணமாக இல்லாமல் இருக்கலாம். எதற்கும் படுக்கும் முன் ஒரு மணி நேரத்துக்கு அதிகம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. பள்ளியில் ஒன்றுக்குப் போகிறாளா?


#7 பெகு வாத்தியார்

நர்ஸம்மா கேட்ட கேள்வி இருக்கட்டும், அதற்கும் முன்னால் ஒன்று. கோயில் மண்டபத்தில் சாயங்காலம் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் தண்ணி பாட்டிலை என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள், "சார், திறந்து குடுங்க" என்று. அம்மாக்கள் பை நனையக்கூடாதென்று முறுக்கி மூடி அனுப்புகிறார்கள். என் கைக்கே சில மூடி மசியாது. நீட்டுகிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும். கூச்சப்படுகிற பிள்ளை வகுப்பு முடியும்வரை பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

பாட்டிலை அவள் முன்னால் வையுங்கள். "திற பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்கள் வேறு வேலை பார்ப்பதுபோல் இருந்து கவனியுங்கள்.


#8 ரங்கூன் மல்லிகை

வாத்தியார் ஐயா, கும்பிடுகிறேன். மூடியேதான்!

அமுக்கினால் திறக்கும் பாட்டில், அதன்மேல் ஒரு பூட்டு வளையம். நான் கடையில் ஒரு விரலால் திறந்து பார்த்து வாங்கினேன். அவள் இரண்டு கையாலும் பிடித்து, பல்லால் கடித்து, அப்புறம் ஒன்றும் நடக்காதது மாதிரி பையிலேயே வைத்துவிட்டாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மூன்று வாரம் இதைத்தான் செய்திருக்கிறாள். "ஏன்டி சொல்லலை" என்றேன். "நீ திட்டுவே" என்றாள்.

இன்று சைனா டவுனில் உறிஞ்சுகுழாய் மடக்கித் திறக்கிற பாட்டில் வாங்கினேன். அவளே தேர்ந்தெடுத்தாள், முயல் படம் போட்டது.


#9 முணுமுணுப்பு

பாட்டில்தான் கோளாறு, பிள்ளையிடம் இல்லை. நான் சொன்னது சரியாகப் போயிற்று. இழையை மூடிவிடலாம்.


#10 மோல்மேன் பாட்டி

மூடவேண்டாம், எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

பாட்டில் பள்ளிக்குச் சரி. வீட்டில் தண்ணீர் எங்கே இருக்கிறது? அதை யாரும் கேட்கவில்லையே. ரங்கூனில் இப்போது எல்லா வீட்டிலும் அந்த இருபது லிட்டர் பாட்டில்தான். அதைக் கவிழ்த்து வைத்திருக்கும் ஸ்டாண்டு பெரியவர்கள் இடுப்புக்கு இருக்கும். டம்ளர் சமையல்கட்டுத் தட்டில், அதற்கும் மேலே. பிள்ளை தண்ணீர் குடிக்க வேண்டுமானால் முதலில் ஒரு பெரிய ஆளைத் தேட வேண்டும், கூப்பிட வேண்டும், "இரு, வரேன்" என்பதைக் கேட்க வேண்டும். அதற்குள் தாகம் மறந்து விளையாடப் போய்விடும்.

என் பேரப்பிள்ளைகளுக்கு நான் வைத்திருப்பது த்வான்டே ஊர் மண்பானை ஒன்று. முக்காலியில், அதுகள் நெஞ்சு உயரத்துக்கு. அடியில் குழாய் வைத்தது. ஆளுக்கொரு சின்ன சில்வர் டம்ளர், அடியில் பொட்டு வைத்து அடையாளம். யாரும் குடி என்று சொல்வதில்லை. போகும்போது வரும்போது ஒரு வாய். சிந்தும், சிந்தட்டும், கீழே ஒரு சாக்கு.

இந்த நாட்டில் தெருவுக்குத் தெரு யே-ஓ-ஸின் இருக்கிறதே, மரத்தடியில் கூரை போட்டுப் பானை வைத்திருப்பார்கள், அதைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறீர்களா? யாரோ முன்பின் தெரியாதவர் வழிப்போக்கனுக்குப் புண்ணியமாக நிரப்பி வைத்த தண்ணீர். நம் ஆட்கள் திருவிழாவுக்கு வைக்கும் தண்ணீர்ப் பந்தல் வருஷத்தில் சில நாள், இவர்களுடையது வருஷம் முழுக்க. எங்கள் கோயில் பங்குனி உத்திரத்துக்குச் சின்னதுகளைத்தான் தண்ணீர் கொடுக்க நிறுத்துவேன். காவடி எடுத்து வருகிறவருக்குச் செம்பை நீட்டுகிற பிள்ளைக்கு இருக்கும் பெருமையைப் பார்க்க வேண்டும்! பத்துப் பேருக்குக் கொடுத்தால் நடுவில் தானும் ஒரு வாய் குடித்துக்கொள்ளும். வீட்டிலும் அந்த வேலையைக் கொடுங்கள் மல்லிகை. சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோருக்கும் தண்ணீர் வைப்பது அவள் பொறுப்பு.

அண்ணாந்து குடிக்கவும் பழக்குங்கள். முதல் வாரம் சட்டை நனையும். ஆனால் அது ஒரு வித்தை என்று தெரிந்துவிட்டால் வித்தை காட்டுவதற்காகவே குடிப்பார்கள்.


#11 தட்டோன் தோட்டக்காரன்

பாட்டி சொன்னதெல்லாம் சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பானைக்கு மூடி. தெருப் பானையோ வீட்டுப் பானையோ, மழைக்காலத்தில் திறந்து கிடந்தால் டெங்குக் கொசு அதில்தான் முட்டை வைக்கும். அது சாக்கடைக் கொசு இல்லை, நல்ல தண்ணீரில் வளர்வது. போன மழைக்கு என் சின்னவன் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தான், பின்கட்டில் நாங்கள் மறந்துபோன ஒரு ஜாடிதான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை பானையைக் கவிழ்த்து, உள்சுவரை நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர்தான். கொதி வந்து ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் கிருமி செத்துவிடும். டெல்டாப் பக்கம் குழாய்க்கிணறு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஐராவதி டெல்டாவில் சில குழாய்க்கிணறுகளில் ஆர்செனிக் இருப்பது சோதனையில் தெரிந்திருக்கிறது. காய்ச்சினால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். என் மைத்துனர் அங்கேதான் இருக்கிறார். குடிக்க மழைநீரைப் பிடித்து மூடி வைத்துக்கொள்கிறார், குழாய்க்கிணறு குளிக்க, துவைக்க மட்டும்.


#12 முணுமுணுப்பு

பானை வேலை செய்வது வறண்ட வெயிலில்தான். வெளியே கசிந்து ஆவியாகிற தண்ணீர்தான் உள்ளே குளிர்ச்சி தருகிறது. இந்த ஜூலை ஈரத்தில் அவ்வளவாக ஆவியாகாது. தண்ணீர் சாதாரணமாகத்தான் இருக்கும். சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் பேரனுக்குத் தேயிலைத் தண்ணீர்தான். டீக்கடையில் மேசைக்கு மேசை பிளாஸ்க் வைத்திருப்பார்களே, அந்த யெநுவேஜான். சர்க்கரை கிடையாது, பால் கிடையாது. காய்ச்சின தண்ணீர். இதிலென்ன குறை?


#13 வார்டு அக்கா

பெரியவர்களுக்கு ஒரு குறையும் இல்லை ஐயா. வெளியூர் போனால் நானும் அதைத்தான் நம்பிக் குடிப்பேன். சின்னப் பிள்ளைக்குத்தான் யோசனை. அதிலும் கேஃபீன் இருக்கிறது. சாப்பாட்டோடு குடித்தால் தேயிலையின் துவர்ப்புச் சத்து கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. வார்டுக்கு வருகிற பிள்ளைகளில் வெளிறிப்போய் வருவது எத்தனை என்று எனக்குத் தெரியும். பேரனுக்கு வெறும் வெந்நீரை அதே பிளாஸ்கில் ஊற்றி வையுங்களேன். தாத்தாவின் பிளாஸ்க் என்பதுதான் அவனுக்கு ருசி.

அதைவிட மோசம் காபி மிக்ஸ் பாக்கெட். மூன்று வயதுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கொடுக்கிற வீடு எத்தனை! அது தண்ணீர்க் கணக்கில் வரலாம், பல் கணக்கிலும் வரும். கரும்புச்சாறும் அப்படியே. போதாததற்கு அதில் போடுகிற ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைய வைத்தது என்று நமக்குத் தெரியாது.

"தாகம் எடுத்தால் குடிக்கும்" என்று முதலில் சொன்னீர்கள். ஆரோக்கியமான பிள்ளைக்கு அது பெரும்பாலும் உண்மை, நான் மறுக்கவில்லை. கட்டாயப்படுத்தி ஊற்றுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் ஒன்று, விளையாட்டில் இருக்கும் பிள்ளை தாகத்தை மதிக்காது. இன்னொன்று, தாகம் எடுத்தும் குடிக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். மல்லிகை மகள் அதில் ஒருத்தி என்று சந்தேகப்படுகிறேன். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.


#14 சின்னப்பூ

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். தங்கைக்கு நாலு மாசக் குழந்தை. தாய்ப்பால் மட்டும்தான். புழுக்கத்தில் நாக்கு வறளுமே, இரண்டு பாலாடை தண்ணீர் கொடுக்கலாமா? எல்லோரும் கொடுக்கச் சொல்கிறார்கள்.


#15 வார்டு அக்கா

வேண்டாம் அம்மா. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், ஏப்ரல் வெயிலிலும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீரே. தனியாகத் தண்ணீர் கொடுத்தால் சின்ன வயிறு நிரம்பிப் பால் குறையும், அழுக்குத் தண்ணீராக இருந்தால் பேதி. நிறையப் போனால் ரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்பே வரலாம். புழுக்கமாக இருந்தால் அடிக்கடி பால் கொடுக்கட்டும், தங்கை நிறையத் தண்ணீர் குடிக்கட்டும்.


#16 மாண்டலே தம்பி

இதற்கு நேர் எதிர்க் கேள்வி. பக்கத்து வீட்டுப் பையன், எட்டு வயது, ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான். ராத்திரி எழுந்தும் குடிக்கிறான். நல்ல பழக்கம் என்று அவன் அம்மா பெருமைப்படுகிறார்.


#17 வார்டு அக்கா

எப்போதிலிருந்து? திடீரென்று ஆரம்பித்து, அடிக்கடி ஒன்றுக்குப் போய், உடம்பும் இளைத்திருந்தால் இன்றைக்கே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.


#18 ரங்கூன் மல்லிகை

நான்கு நாள் எழுதவில்லை. சொல்கிறேன்.

புது பாட்டில் போன முதல் நாள் இரண்டு விரல்கடை குறைந்திருந்தது. சந்தோஷப்பட்டேன். இரண்டாம் நாள் ஒரு விரல்கடை. மூன்றாம் நாள் மறுபடி அப்படியே. மூடி திறக்கிறது, முயல் படம் இருக்கிறது, தண்ணீர் மட்டும் இறங்கவில்லை. வார்டு அக்கா கேட்டது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

நேராகக் கேட்டால் மழுப்புவாள் என்று பொம்மையை வைத்துப் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடினோம். நான் பொம்மை, அவள் சயாமா, அதாவது டீச்சர். "எனக்கு ஒன்றுக்கு வருது" என்று பொம்மை கேட்டது. சயாமா உடனே சொன்னாள், "தண்ணி குடிக்காதே, அப்புறம் வராது."

எனக்குப் பேச்சே எழவில்லை. ஐந்தரை வயதில் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால். கரண்ட் இல்லாத நேரத்தில் உள்ளே இருட்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, யாரோ தள்ளித் திறந்துவிட்டார்களாம். தரை ஈரம், லுங்கி நுனி நனைந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்களாம். இதெல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது வேறு. டீச்சரிடம் எப்படிக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. தெருவில் விளையாடுகிற பர்மியம் நன்றாகப் பேசுவாள், சண்டைகூடப் போடுவாள். ஆனால் வீட்டில் நாங்கள் பாட்டியோடு தமிழ்தான். "ஒண்ணுக்கு வருது" என்பதற்கு மரியாதையான பர்மியம் அவள் காதில் விழுந்ததே இல்லை. தெருவில் கேட்ட சொல்லைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.


#19 பெகு வாத்தியார்

தமிழ்ப் பிள்ளைகள் கேஜிக்குப் போகும்போது எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம், இந்த ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லித்தருவதில்லை. "சயாமா, எய்ன்தா த்வா ச்சின் பா தே ஷின்." பெண் பிள்ளை என்பதால் கடைசியில் அந்த "ஷின்" வேண்டும், அதுதான் மரியாதை. பாட்டு மாதிரிப் பத்துத் தடவை சொல்ல வையுங்கள். என் வகுப்பில் இனி முதல் பாடம் இதுதான், தமிழ் வகுப்பில் பர்மியப் பாடம். கமிட்டியில் யாராவது கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.


#20 வார்டு அக்கா

இதைத்தான் எதிர்பார்த்தேன். இது உங்கள் மகள் கதை மட்டும் இல்லை. பெண் பிள்ளைகள் பத்தாவது வரைக்கும் இப்படித்தான், கழிப்பறைக்கு பயந்து தண்ணீரைக் குறைப்பார்கள். வார்டில் சிறுநீர்த் தொற்றோடு வருகிற பிள்ளையிடம் "தண்ணி குடிக்கிறியா" என்று கேட்டால் அம்மா பக்கம் பார்க்கும். "பள்ளிக்கூடத்துல பாத்ரூம் எப்படி இருக்கு" என்று கேட்டால்தான் வாய் திறக்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால், சிறுநீர்ப்பை எத்தனை மில்லி பிடிக்கும் என்பது ஏறக்குறையத் தெரியும். ஐந்து வயதுக்கு 180. ஒரு சின்ன டம்ளர் அளவு. இந்த வயதுப் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் நான்கிலிருந்து ஏழு தடவை போக வேண்டும். காலை எட்டிலிருந்து மதியம்வரை போகாமல் இருக்க வேண்டுமென்றால் குடிக்காமல் இருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி என்ன இருக்கிறது? உள்ளே போகிற வழியையே பேசிக்கொண்டிருந்தோம், வெளியே போகிற வழி அடைத்திருந்தது.

டீச்சரைப் பார்த்துப் பேசுங்கள். புகாராக வேண்டாம், உதவி கேட்பதுபோல்.


#21 முணுமுணுப்பு

ஒரு வகுப்பில் நாற்பது ஐம்பது பிள்ளை. ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்தால் அந்த சயாமா என்ன செய்வார்? அவர் பக்கமும் பாருங்கள். என் மனைவி முப்பது வருஷம் சயாமாவாக இருந்தவள். அவளும் பள்ளியில் தண்ணீர் குடித்ததில்லை. ரிடையர் ஆன பிறகு சிறுநீரகக் கல். அப்போதுதான் எனக்கே சொன்னாள்.


#22 மோல்மேன் பாட்டி

அடப்பாவமே. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா. இப்போது எப்படி இருக்கிறார்கள்?


#23 முணுமுணுப்பு

நன்றாக இருக்கிறாள். நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. செம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறேன்.


#24 தட்டோன் தோட்டக்காரன்

அந்தச் செம்பைப் பேரன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான் ஐயா.

எங்கள் ஊர்ப் பள்ளியில் தாழ்ப்பாளை அப்பாக்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மாட்டினோம். ஹெட்மாஸ்டரிடம் அனுமதி கேட்டோம், சந்தோஷமாகக் கொடுத்தார். கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடித் தகடு போட்டோம், கரண்ட் இல்லாவிட்டாலும் வெளிச்சம் வருகிறது. வாசலில் ஒரு வாளியும் மொண்டு ஊற்றக் குவளையும். செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும், முதலில் நாங்கள் எங்கள் உயரத்துக்கு அடித்துவிட்டோம், மறுபடி கழற்றி மாட்ட வேண்டியதாயிற்று.


#25 ரங்கூன் மல்லிகை

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

டீச்சர் நல்லவர். நான் பயந்ததுபோல் இல்லை. அவருக்கே தெரியாது. "உங்கள் பிள்ளை தொந்தரவே இல்லை, இடத்தைவிட்டு எழுந்ததே இல்லை" என்று அதுவரை பாராட்டிக்கொண்டிருந்தாராம். இப்போது இடைவேளை மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் சின்னப் பிள்ளைகளை ஜோடி ஜோடியாக அனுப்புகிறார், ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் எல்லோரும் பாட்டிலை எடுத்து நாலு வாய். தாழ்ப்பாளுக்குத் தட்டோன் அண்ணன் சொன்ன யோசனையைச் சொல்லியிருக்கிறேன், என் வீட்டுக்காரர் அடுத்த ஞாயிறு போகிறார்.

வாக்கியம் மனப்பாடம். வீட்டிலும் என்னிடம் அதையே சொல்கிறாள், "ஷின்" சேர்த்து.

பாட்டில் சில நாள் பாதி வருகிறது, சில நாள் காலி. நேற்று முழுசாக வந்தது. மழையில் விளையாட விடவில்லையாம், தாகம் இல்லை என்றாள். நம்பினேன். வயிறு இப்போது பரவாயில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகிறாள். டாக்டரிடமும் காட்டிவிட்டோம்.

ஒன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பாட்டி சொன்னபடி எல்லோருக்கும் தண்ணீர் வைக்கும் வேலையைக் கொடுத்தேன். மூன்றாவது நாள் கேட்டாள், "அம்மா, உன் டம்ளர் மட்டும் ஏன் எப்பவும் அப்படியே இருக்கு?" நான் காலையில் டீ, பத்து மணிக்கு டீ, நாலு மணிக்கு டீ. என் கையில் தண்ணீர் டம்ளரை அவள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. இப்போது என் தலைமேல் நிற்கிறாள்.


#26 மாண்டலே தம்பி

அக்கா, அந்த உறிஞ்சுகுழாயைக் கழற்றிக் கழுவுகிறீர்களா? எங்களுடையதில் உள்ளே கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. மெல்லிய பிரஷ் தனியாக விற்கிறார்கள், தினமும் தேய்த்துக் காயவைக்க வேண்டும். பாக்கி எல்லாம் எங்கள் வீட்டிலும் முக்காலிப் பானைக்கு மாறியாயிற்று. யானைக்கு ஓய்வு.


#27 முணுமுணுப்பு

பாட்டி அம்மா, குழாய் வைத்த பானைக்கு மூடி தனியாக வாங்க வேண்டுமா, கூடவே வருமா?


#28 மோல்மேன் பாட்டி

கூடவே கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். பானையை விரலால் தட்டிப் பாருங்கள், ணங்கென்று சத்தம் வர வேண்டும், பொத்தென்று கேட்டால் விரிசல். வாங்கி வந்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டிவிட்டு அப்புறம் நிரப்புங்கள். குழாய் பேரன் பக்கம் பார்த்திருக்கட்டும், சுவர்ப் பக்கம் வேண்டாம்.